இருபத்தொன்பது டிகிரித் தண்ணீர்

எண் 14, பெக் தெரு,
ஹாலிஃபாக்ஸ்.
அக்டோபர் 9

எண் 16-இல் குடியிருப்பவருக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கொல்லையில் காற்றடித்து நிறுத்தியிருக்கும் வெந்நீர்த் தொட்டியின் மோட்டார், என் படுக்கையறைச் சுவருக்கு நேர் கீழே இருக்கிறது. அது ராத்திரி முழுக்க ஓடுகிறது. நான் விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறவன்.

குளிர்கிடங்கு கட்டுவது என் தொழில். ஆகவே அது ஏன் ஓயாமல் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். தொட்டியோடு கொடுக்கிற மூடி வெறும் காற்றுப்பை. சூடு எல்லாம் அதன் வழியே மேலே போகிறது. நீங்கள் சூடாக்கிக்கொண்டிருப்பது தண்ணீரை அல்ல, யார்க்ஷைர் வானத்தை. அது இதுவரை யாருக்கும் முடியாத காரியம். ஒழுங்கான மூடி போடுங்கள், அல்லது இரவில் நிறுத்துங்கள்.

இதன் நகல் நம் இருவருக்கும் வீட்டுக்காரரான திரு. பிக்கர்ஸ்கில்லுக்கும் போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஜோயல் ஹார்டகர்


எண் 16
அக்டோபர் 11

அன்புள்ள ஜோயல்,

உன் பெயர் ஜோயல் என்று இப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூங்குகிறோம், இதுவரை நீ எனக்கு "வெள்ளை வேன்"தான். நான் பெவர்லி க்ரீன்வுட். சந்தையில் கறிக்கடையில் நிற்கிறேன். பெவ் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

சத்தத்துக்கு மன்னித்துக்கொள். ஆனால் ராத்திரி நிறுத்த முடியாது. நிறுத்தினால் விடியும்போது தண்ணீர் சில்லிட்டுவிடுகிறது. எனக்கு விடியற்காலையில்தான் அது வேண்டும். ஒழுங்கான மூடி என்கிறாயே, அது எப்படி இருக்கும்? கடையில் விசாரித்தேன். தொட்டியின் விலையை மூடிக்கே கேட்கிறார்கள்.

வீட்டுக்காரருக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாம், கண்ணு.

மதில் மேல் சாசேஜ் ரோல் வைத்திருக்கிறேன். பூனை தூக்குவதற்குள் எடுத்துக்கொள்.

அன்புடன்,
பெவ்


எண் 14
அக்டோபர் 12

திருமதி க்ரீன்வுட் அவர்களுக்கு,

ரோல் கிடைத்தது. நன்றாக இருந்தது. மிளகு கொஞ்சம் அதிகம்.

மூடியை நானே செய்துவிடுகிறேன். உங்களுக்கு விளக்கிச் சொல்லி, நீங்கள் செய்து, நான் திருத்துவதற்குள் வசந்தகாலம் வந்துவிடும். எங்கள் வேலையில் வெட்டி மிஞ்சிய தெர்மோகோல் பலகைகளைக் குப்பையில்தான் போடுகிறோம். எனக்குத் தூக்கம் வேண்டும், அவ்வளவுதான். இதை உபகாரம் என்று நினைக்க வேண்டாம்.

அளவெடுக்க வர வேண்டும். எப்போது?

இன்னொன்று. விடியற்காலையில் கொல்லையில் யாரோ உரக்கப் படிப்பது கேட்கிறது. நேற்று கால்பந்து முடிவுகள், போன வாரம் ஒரு மரண அறிவிப்பு. குரல் உங்களுடையது என்று நினைக்கிறேன். பதில் சொல்கிற குரல் மட்டும் கேட்டதே இல்லை. யாருக்குப் படிக்கிறீர்கள்? தண்ணீருக்கா?

என்னைக் கண்ணு என்று அழைக்க வேண்டாம். எனக்கு இருபத்தேழு வயது.

ஜோயல்


எண் 16
அக்டோபர் 14

அன்புள்ள ஜோயல்,

கறிக்கடைக்கு வருகிற பாதிரியாரையே கண்ணு என்றுதான் கூப்பிடுகிறேன். நீ என்ன பெரிய ஆள்?

சனிக்கிழமை நான் கடையில் இருப்பேன். பின்கேட் பூட்டியிருக்காது. வந்து அளந்துகொள். வீட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதே. ஒரே குப்பை.

ஆமாம், தண்ணீருக்குத்தான் படிக்கிறேன். தண்ணீர் நன்றாகக் கேட்டுக்கொள்ளும், குறுக்கே பேசாது, நடுவில் எழுந்து சாராயக் கடைக்குப் போகாது. என்னோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்தவருக்கு இதில் ஒன்றுகூட வராது.

பெவ்


எண் 14
அக்டோபர் 18

திருமதி க்ரீன்வுட் அவர்களுக்கு,

அளந்துவிட்டேன். மூடி இப்படி அமையும். இரண்டு அடுக்கு தெர்மோகோல். அடுக்குகளுக்கு நடுவே மேடு பள்ளம் தெரியாமல் இருக்க ஒரு பழைய போர்வை. மேல்பக்கம் அலுமினியத் தாள். அதற்கு மேலே தார்ப்பாய். நடுவில் ஒரு கால்பந்தை வைத்து உயர்த்திவிடுவேன், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். சுற்றிலும் பாவாடை மாதிரி தார்ப்பாய் தொங்கும், அதனால் பக்கவாட்டில் காற்று நுழையாது. போர்வை உங்களுடையது. மதில் மேல் போட்டுவையுங்கள்.

இனி எனக்குப் புரியாத விஷயங்கள்.

ஒன்று, தொட்டியின் மீட்டரில் இருபத்தொன்பது டிகிரி என்று வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொட்டியை வாங்குகிறவர்கள் எல்லோரும் நாற்பதுக்கு ஏற்றிக்கொண்டு கையில் ஒயினோடு உட்காருவார்கள். அக்டோபர் மாதத்தில், இந்த ஊரில், கொல்லையில், இருபத்தொன்பதில் உட்கார்ந்தால் பல் கிட்டிவிடும்.

அடுத்தது, சத்தம் மோட்டாரினாலா அடைப்பினாலா என்று பார்க்க வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே முடி. சாம்பல் நிறம், குட்டை, ஊசி மாதிரி. வேனிலிருந்து உங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் முடி சிவப்பு.

உங்கள் சமையலறை ஜன்னலில் திரை முழுக்க இழுத்துவிட்டிருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கலாமா என்று மட்டும் யோசித்தேன்.

ஜோயல்


எண் 16
அக்டோபர் 27

அன்புள்ள ஜோயல்,

மூடி வந்து உட்கார்ந்ததும் மோட்டார் வாயை மூடிக்கொண்டது. முதல் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. எழுந்து போய் தண்ணீரில் கை விட்டுப் பார்த்தேன். அப்படியே இருந்தது. உன்னைப் பெற்றவள் உன்னைப் பற்றிப் பெருமைப்படுவாள், நீ வாயைத் திறக்காத நேரங்களில்.

எனக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் இருபத்தொன்பது. முடி என்னுடைய கம்பளித் தொப்பியினுடையது. தண்ணீரில் விழுந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. நடன மேடை மாதிரி ஒரே துண்டாகச் செய்து வைத்திருக்கிறாய். இதைத் தூக்கப் போவது யார் என்று யோசித்தாயா? நான் ஒருத்தி, எனக்கு இரண்டே கை. தினமும் பக்கவாட்டில் தள்ளி, இடுப்பைக் கொடுத்து, திட்டிக்கொண்டே திறக்கிறேன். திட்டுகிற பெயரைச் சொல்ல மாட்டேன். 'ஜோ'வில் ஆரம்பிக்கும்.

பெவ்


எண் 14
நவம்பர் 6

திருமதி க்ரீன்வுட் அவர்களுக்கு,

நேற்று வாணவேடிக்கை ராத்திரி. ஒவ்வொரு வெடிக்கும் உங்கள் வீட்டுப் பக்கம் சுவருக்குப் பின்னால் ஒரு அழுகை கேட்டது. மெல்லியதாக, இழுத்து இழுத்து. அதற்கு மேல் உங்கள் குரல், "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி, பக்கத்துத் தெரு வெட்டிப்பயலுங்க, நான் இருக்கேன்ல" என்று. தண்ணீருக்கா ஆறுதல் சொன்னீர்கள்?

அதைவிட முக்கியம், மோட்டார் மறுபடியும் அடிக்கடி ஓடுகிறது. என் மூடியில் ஏதோ கோளாறு. என்ன என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

ஜோயல்


எண் 16
நவம்பர் 7

அன்புள்ள ஜோயல்,

அழுகை டிவியில். சோகப் படம்.

மூடி ஊறின மெத்தை மாதிரி கனக்கிறது. ஓரத்தைத் தூக்கினால் தண்ணீர் சொட்டுகிறது. இன்று காலை எவ்வளவு முயன்றும் அசைக்க முடியவில்லை. இன்றைய வேலை கெட்டது. ஒரு நாள் விட்டாலும் கணக்கு பின்னால் போய்விடும். என்ன கணக்கு என்று கேட்காதே. சீக்கிரம் ஏதாவது செய், கண்ணு. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

நேற்று சுட்ட இஞ்சிக் கேக் மதில் மேல் இருக்கிறது. கருகின பக்கம் உனக்கு, மிளகு அதிகம் என்று சொன்னதற்கு.

பெவ்


எண் 14
நவம்பர் 8

பெவர்லி அவர்களுக்கு,

மூடியைப் பிரித்துப் பார்த்தேன். தவறு என்னுடையது. இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் தொழிலில் இருக்கிறவன்தான் செய்ய முடியும்.

குளிர்கிடங்கில் குளிர் உள்ளே, வெக்கை வெளியே. நீராவி எப்போதும் வெக்கையிலிருந்து குளிரை நோக்கித்தான் போகும். அதனால் ஈரத்தைத் தடுக்கிற தாளை வெளிப்பக்கம்தான் ஒட்டுவோம். படிப்பு முடித்ததிலிருந்து என் கை வெளிப்பக்கமே ஒட்டிப் பழகிவிட்டது. உங்கள் தொட்டியில் எல்லாம் தலைகீழ். வெக்கை அடியில், குளிர் மேலே. நான் தாளை மேலே ஒட்டி, அடியைத் திறந்து விட்டுவிட்டேன். நீராவி அடிவழியாக ஏறி, மேலே தாளில் முட்டி, தண்ணீராகி, உங்கள் போர்வையில் குடியேறிவிட்டது. மூன்று வயதுக் குழந்தையின் கனம் இருக்கும் அந்தப் போர்வை. வேலையிடத்தில் இதைச் சொன்னால் நான் ஓய்வு பெறும்வரை சிரிப்பார்கள். சொல்ல மாட்டேன்.

புதியது இப்படி. போர்வை கிடையாது. பலகையை அடியிலும் ஓரத்திலும் கனத்த பிளாஸ்டிக்கால் சுற்றி, டேப் போட்டு முத்திரை வைத்த மாதிரி அடைத்துவிடுவேன். வட்டத்தை இரண்டாக வெட்டி நடுவில் மடிப்பு. பாதிக்குப் பாதி கைப்பிடி. ஒரு கையால் திறக்கலாம். இன்னொரு கையில் செய்தித்தாள் வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நாய் இருக்கிறது.

குட்டைச் சாம்பல் முடி. வெடிக்கு அழுகை. "ஒண்ணுமில்லடி." இழுத்துவிட்ட திரை. எங்கள் கிடங்குக்கு எதிரில் கால்நடை மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம், இருபத்தொன்பது டிகிரித் தண்ணீர் யாருக்கு என்று கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "நொண்டுற நாய்க்கு" என்றாள்.

குடிக்கூலி ஒப்பந்தத்தில் பிராணிகள் கூடாது என்று இருக்கிறது. தெரியும், நானும் அதில்தான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. என்ன நாய்? என்ன ஆயிற்று அதற்கு? தண்ணீருக்குள் எப்படி இறங்குகிறது?

ஜோயல்


எண் 16
நவம்பர் 9

ஜோயல்,

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தும், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் பிக்கர்ஸ்கில்லுக்கு நகல் அனுப்பின ஆள் நீ. உனக்கு எதைச் சொல்வது, எதை விடுவது? ஆனால் நீ பாதியைக் கண்டுபிடித்துவிட்டாய். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

பந்தய நாய், விப்பெட். ஒல்லிப்பிச்சான். என் தம்பி நீல் ஓட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை செய்தார்கள். ஆனால் இனி ஓடாது என்றதும், "ஓடாத நாய்க்கு எதுக்குக்கா சோறு" என்று சொல்லி, கொல்லும் ஊசி போட நாள் குறித்துவிட்டான். அந்த நாளைக்கு முதல்நாள் அவன் வீட்டுக்குப் போய், என் தள்ளுவண்டிக் கூடையில் வைத்து, மேலே கோஸ் இலையைப் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் யாரும் கேட்கவில்லை.

பின்னங்கால்கள் வற்றிப்போயிருந்தன. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்தவைத்தால் சதை பிடித்து எலும்பைத் தாங்கிக்கொள்ளும், குளிர்காலம் முழுக்க விடாமல் செய்தால் நடப்பாள், நடுவில் விட்டால் நான் பொறுப்பில்லை என்றார் மருத்துவர். நாய்க்கு நீச்சல் குளம் லீட்ஸில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தொட்டி. நானும் கூடவே இறங்கி, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்வேன். ஆமாம், என் பல் கிட்டத்தான் செய்கிறது. யாராவது படித்துக்கொண்டே இருந்தால் பயப்படாமல் காலை அடிக்கிறாள். கால்பந்து முடிவுகள் என்றால் ரொம்பப் பிடிக்கும்.

பிக்கர்ஸ்கில் தெரிந்துகொண்டால் நாய் போக வேண்டும், இல்லையென்றால் நான் போக வேண்டும். என் சம்பளத்துக்கு இந்த ஊரில் கொல்லை வைத்த வேறு வீடு கிடைக்காது. இப்போது எல்லாம் உன் கையில்.

பெவர்லி


எண் 14
நவம்பர் 10

நகல் யாருக்கும் போகவில்லை. மூடி சனிக்கிழமை தயார்.

ஜோயல்


எண் 16
நவம்பர் 21

அன்புள்ள ஜோயல்,

புது மூடி இறகு மாதிரி. ஒரு கையால் பாதியைப் புரட்டுகிறேன், மறு கையில் மகாராணி மாதிரி அவள். உறைபனி விழுந்த காலையில்கூட மூடியைத் திறந்ததும் குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. உன் மூடியின் மேல் பனி வெள்ளையாக, கொஞ்சமும் உருகாமல் உட்கார்ந்திருந்தது.

ஆனால் சங்கதி வேறு. பிக்கர்ஸ்கில்லிடமிருந்து கடிதம். உன் அக்டோபர் நகலை இப்போதுதான் படித்தாராம். "சத்தம் பற்றிய புகாரை" நேரில் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை காலை வருகிறார். தொட்டியைப் பார்ப்பார், வீட்டையும் சுற்றிப் பார்ப்பார். வீட்டுக்காரர் வந்தால் அலமாரிக்குள்கூடத் தலையை விடுவார்.

அன்றைக்கு நீ விடுப்பு எடுக்க முடியுமா? ஒரு மணி நேரம் அவளை உன் சமையலறையில் வைத்துக்கொள்வாயா? நானே வந்து கதவைத் தட்டுகிறேன். பார், நம்மில் ஒருவருக்குத் தட்டத் தெரியும்.

பெவ்


எண் 14
நவம்பர் 28

பெவ்,

நீங்கள் கடைக்கு ஓடிவிட்டீர்கள். நாயை உங்கள் சமையலறையில் விட்டுப் பூட்டியாயிற்று. நடந்ததை அவர் வாயால் கேட்பதற்கு முன் என் கையால் எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. சத்தம் கேட்டது என் வீட்டில். புகார் கொடுத்தது நான். உங்கள் வீட்டைப் பார்த்து முடித்ததும் அவர் நேராக வந்து என் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீதானே எழுதினது? உன் படுக்கையறையில நின்னு ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போறேன்."

"சத்தம் இப்ப இல்லைங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாபஸா? இது என்ன கோர்ட்டா? வழி விடு."

மேலே போனார். சுவரில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல மூடிதான் போட்டிருக்காங்க அந்தம்மா" என்றார். அந்தச் சமயம் பார்த்து, கீழே என் சமையலறையில் உங்கள் மகாராணி தட்டைக் கவிழ்த்தாள்.

"யாரு அது?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. போன காதலி போனதே அதனால்தான். ஆனால் அவர் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தார். இவள் மூன்று காலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரோட நாய்?"

"என்னோடது" என்றேன்.

"உன்னோடதா? முடி ஈரமா இருக்கு. பக்கத்து வீட்டுக் கொல்லைப் படியிலயும் ஈரத் தடம் பார்த்தேன்."

"குளிப்பாட்டினேன். சாக்கடையில விழுந்துடுச்சு. ஓடிப்போய்ப் பக்கத்துக் கொல்லையில நுழைஞ்சுடுச்சு."

"ஓ. பேரு?"

பெவ், இவ்வளவு எழுதினீர்களே, கால்பந்து பிடிக்கும் என்று எழுதினீர்களே, பெயரை ஒரு தடவையாவது எழுதியிருக்கக் கூடாதா? என் கண்ணெதிரே சுடுதண்ணீர்க் குழாயின் வால்வுதான் இருந்தது.

"வால்வ்" என்றேன்.

"வால்வா? நாய்க்கு எவனாவது வால்வுன்னு பேரு வைப்பானா?"

"நான் குளிர்கிடங்கு ஆளுங்க."

"சரி, கூப்பிடு பார்ப்போம். வருதா பார்க்கிறேன்."

காலையில் நீங்கள் கொடுத்த சாசேஜ் ரோலில் பாதி என் சட்டைப்பையில் இருந்தது. பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "வால்வ், வாடி" என்றேன். வந்தாள். நான்கு காலையும் ஊன்றி, மேசையைச் சுற்றி, நேராக என் பையில் மூக்கை வைத்தாள். பிக்கர்ஸ்கில் பெருமூச்சு விட்டார். "புகார் எழுதுறவன் வீட்டுலதான் எப்பவும் ஏதாவது இருக்கும்" என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் நாய் போக வேண்டும், அல்லது நான் போக வேண்டும்.

நான்கு கால், பெவ். நான்காவதும் தரையில் பட்டது. அதைச் சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன்.

ஜோயல்


எண் 16
நவம்பர் 29

ஜோயல்,

பைத்தியக்காரா. யார் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது? திங்கட்கிழமை நான் பிக்கர்ஸ்கில் ஆபீசுக்குப் போகிறேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் நாய்க்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

பெவ்


எண் 14
நவம்பர் 30

பெவ்,

போகாதீர்கள். யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் போய்ச் சொன்னால் நாய்க்குக் குளம் போகும், உங்களுக்கு வீடு போகும், நான் சொன்ன ஒரே பொய்யும் வீணாகும். நாயைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி நான் இங்கேயே இருந்தால், நிஜமா என்று பார்க்க அவர் வந்துகொண்டே இருப்பார், ஒரு நாள் உங்கள் கொல்லையில் அவளைப் பார்த்துவிடுவார். நான் போனால், ஒரு வேன், ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதான். எனக்கு இந்த வீட்டில் வேரொன்றும் இல்லை. கீத்லியில் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்துவிட்டேன். வேலைக்கும் அது கிட்டே.

அங்கே நாய் வைத்துக்கொள்ளலாமாம். நாய்தான் இல்லை.

மூடியின் நடுமடிப்பில் டேப் தேயும். பிப்ரவரியில் ஒரு தடவை மாற்ற வேண்டும். நானே வந்து மாற்றுகிறேன். கதவைத் தட்டுவேன்.

ஜோயல்


எண் 16
டிசம்பர் 18

அன்புள்ள ஜோயல்,

போகவில்லை. ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். பேருந்து முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவள் பெயர் டச்சஸ். நீல் வைத்தது. ஆனால் அன்றிலிருந்து டச்சஸ் என்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. "வால்வ்" என்றால் காது நிமிர்கிறது. என்ன பிசாசுப் பெயர் அது! நேற்று கொல்லைப் படியில் தூக்கிவிடக் குனிந்தேன். என்னைத் தள்ளிவிட்டு அவளே ஏறிப் போனாள்.

நீ கொடுத்துவிட்டுப் போன ஒட்டாத உறை என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எண் 14-க்கு ஆள் வந்ததும், ஒரு வாரம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொன்னாய். கொடுக்கிறேன். ஒட்டாததால் படித்தும்விட்டேன், கண்ணு.

உன்,
பெவ்


எண் 14-க்குப் புதிதாகக் குடிவந்திருப்பவருக்கு,

வணக்கம். இதற்கு முன் இந்த வீட்டில் இருந்தவன் நான். பாய்லர் அலமாரியில் இடதுபக்க வால்வைத் திருகாதீர்கள், சொட்டும்.

படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் எப்போதாவது கொஞ்ச நேரம் ஒரு மோட்டார் ஓடும். அது பக்கத்து வீட்டு வெந்நீர்த் தொட்டி. மூடி நல்ல மூடி, நான் செய்தது, அதனால் சத்தம் நீளாது. விடியற்காலையில் ஒரு பெண் உரக்கக் கால்பந்து முடிவுகள் படிப்பார். படிக்கட்டும். உங்களுக்குச் செய்தித்தாள் காசு மிச்சம்.

அதைப் பற்றி வீட்டுக்காரருக்கு எழுத வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுத வேண்டாம். மூன்றடி தள்ளி இருக்கிற கதவு அது. போய்த் தட்டுங்கள்.

அந்த வீட்டில் நாய் கிடையாது.

தட்டும்போது சட்டைப்பையில் அரை சாசேஜ் ரோல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோயல் ஹார்டகர்